பதினோராவது சட்டி

குழித்துறையில் நேரே போனால் வீடு. இடப்பக்கம் திரும்பினால் அருமனை. ஜாஸ்பர் இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

“வண்டி எங்கோட்டு போவுது?” என்றாள் ராகேல், கண்ணைத் திறக்காமலே.

“ஒரு அஞ்சு நிமிஷம்.”

“சட்டியா?”

ஜாஸ்பர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் பதில் என்று முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் எப்போதோ முடிவாகியிருந்தது.

“பாத்துப் பாத்து அலுக்கலியா உங்களுக்கு? வெளிச்சம் போட்டு வெச்சா கையக் கட்டிட்டு நிக்குதிய. அதே சட்டிய ஒருத்தன் சைக்கிள்ல கொண்டு வந்தா, தட்டிப் பாத்துட்டு விரட்டி விடுதிய.”

“அது வேற, இது வேற.”

“ஆமா. அதுல சோறு பொங்கலாம்.”

சார்ஜாவில் ஏசி கம்பெனி ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் நட்டும் போல்ட்டும் காத்த மனிதர் ஜாஸ்பர். ஊர் திரும்பியவர்கள் கல்யாண மண்டபம் கட்டினார்கள், கட்சியில் சேர்ந்தார்கள், சர்ச்சில் கமிட்டிக்கு நின்று தோற்றார்கள். இவருக்குப் பிடித்தது சட்டிப் பைத்தியம். சொந்தமாக வேலைக்கூடம் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையால் செய்கிறவர்களின் மண்கலங்கள். கொச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனால் பிரியாணி ஆறுவதற்குள் பக்கத்தில் எங்கே கேலரி என்று போனில் தேடுவார். கொடைக்கானலில் எல்லாரும் ஏரியைப் பார்த்தபோது அவர் ஒரு கோப்பையின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூளைச் சூட்டில் வழுக்கி இறங்கிய கண்ணாடிப் பூச்சு விளிம்புக்கு ஒரு நூல் முன்னால் நின்றுபோயிருக்கும். அந்த இடத்தைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்த மாதிரி “உம்” என்பார். கேலரிகளில் அந்த “உம்”முக்கு நல்ல மரியாதை இருந்தது.

ராகேல் எல்லாப் பயணத்திலும் காரிலேயே இருப்பாள். ஷோகேஸ் நிறைந்து, டிவி ஸ்டாண்டும் நிறைந்து, குடும்ப ஜெபத்துக்கு பைபிள் வைக்கிற மேசைக்கும் ஒரு ஜாடி வந்து சேர்ந்த அன்று அவள் சட்டம் போட்டாள். “இனி ஒரு சட்டி இந்த வாசப்படி தாண்டணும்ணா, அது அடுக்களைக்கு உதவணும். கேட்டியளா?”

சட்டம் வந்த மூன்றாம் மாதம், நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த கண்காட்சியில், ஜாஸ்பர் அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டார். வெளியே புகை குடித்த கறுப்பு. உள்ளே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாம்பழத்தை அறுத்துத் திறந்து வைத்தது போல மஞ்சள். இரண்டு கைக்குள் அடங்கும் வயிறு. அடியில் ஒரு ஸ்டிக்கர். ஆங்கிலத்தில், ‘அலங்காரத்துக்கு மட்டும். உணவுக்கு அல்ல’ என்று எழுதியிருந்தது.

ஜாஸ்பர் அதை மூன்று முறை வாசித்தார். கலைஞர்களுக்கு உள்ள சின்ன மிடுக்கு என்று நினைத்துக்கொண்டார். பெரிய பாடகர்கள் கல்யாண வீட்டில் பாட மாட்டேன் என்பதில்லையா, அதுபோல. வீட்டு கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, சாவியால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். தாள் போனது. பசை போகவில்லை.

“கறிச்சட்டி,” என்றார் வாசற்படியில். “உனக்குத்தான் வாங்கினேன்.”

ராகேலின் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அடுக்களைக்கென்று அவர் ஒரு கரண்டிகூட வாங்கி வந்ததில்லை. உண்மையைச் சொல்வதற்கான நேரம் அந்த வெளிச்சத்தில் கடந்துபோனது.

விரிசல் விடுமோ என்று அவள் அதை அடுப்பில் ஏற்றவில்லை. மீன்கறியை வழக்கமான சட்டியில் வைத்து, மதியச் சாப்பாடு கழிந்ததும் மிச்சத்தை இதில் ஊற்றி மூடுவாள். புளி தூக்கலான கறி. ராத்திரி முழுக்கக் கிடந்து ஊறினால்தான் அதற்கு ருசி. காலையில் ஜாஸ்பருக்கு ரொட்டியும் முட்டையும். சார்ஜா கொடுத்த பழக்கம். ராகேலுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சியும் அந்தப் பழங்கறியும். கடைசியில் ஒரு பிடி சோற்றைச் சட்டியிலேயே போட்டு, பக்கமெல்லாம் வழித்து உருட்டித் தின்பாள். அந்த உருண்டையை யாருக்கும் தர மாட்டாள். இரண்டு மாதத்தில் அடிப்பக்க மஞ்சள் பளபளப்பு குறைந்து மங்கியது. புதுச் சட்டி எல்லாம் அப்படித்தான், கறி குடித்துக் குடித்து வாகாகும் என்பது அவள் கணக்கு. “சட்டி பழகிட்டு,” என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. துணி பிழிகிற மாதிரி முறுக்குகிற வலி. பிறகு வெளிறல். சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பாடிய கீர்த்தனையின் இரண்டாம் சரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு மாதமாக வலது மணிக்கட்டு தளர்ந்து தொங்கியது. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் கேஸ் டிரபிள் என்றார். ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். இன்று காலை திருவனந்தபுரத்துப் பெரிய டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, அடுத்த செவ்வாய்க்கிழமை எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று இவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜாஸ்பருக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. அதனால்தான் இடப்பக்கம் திரும்பினார்.

அருமனைக் கேலரிக்கு ரப்பர் தோட்டத்துக்குள் மண்சாலை. இருபுறமும் ஒரே அளவு இடைவெளியில் மரங்கள், ஒவ்வொன்றின் நெஞ்சிலும் சரிந்த ஒரு வெட்டு, வெட்டுக்குக் கீழே கட்டிய ஒரு கிண்ணம். மத்தியானம் பன்னிரண்டரைக்கே உள்ளே சாயங்காலம் போல இருந்தது. மழை வரப் போகிறதா, இல்லை தோட்டமே இப்படித்தானா என்று தெரியவில்லை.

“நீங்க போய் சட்டிக்கு ஜெபம் பண்ணிட்டு வாருங்க. நான் சாப்பிடுதேன்,” என்றாள் ராகேல். ரத்தப் பரிசோதனைக்கென்று காலையிலிருந்து வெறும் வயிறு. “நேத்து லிபின் வந்தாரு. பிள்ளைக்குக் கறி குடுத்து விட்டேன். நமக்கும் கொஞ்சம் மாத்தி வெச்சேன்.”

கொட்டாரம் ஊரில் கட்டிக் கொடுத்த ஒரே மகள் ஜெனிலாவுக்கு இது நாலாம் மாதம். லிபின் மருமகன்.

“மீன் கண்டாலே ஓங்கரிச்சிட்டு இருந்தாளே?”

“பழங்கறிண்ணா எறங்குதாம். எனக்க மவளாக்கும்.”

டிபன் கேரியரின் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. ஜாஸ்பர் வாங்கித் திருகித் திறந்து, கறித் தட்டைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அவள் மடியில் வைத்தார். புளியும் தேங்காயும் மீனும் சேர்ந்த மணம் கார் முழுக்க நிறைந்தது.

“தின்னு. அஞ்சே நிமிஷம்.”

கேலரி என்பது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய புகைப்புரை. சுவரெல்லாம் தார் பூசியது போல் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் முன்னால், பலகைகளில், ஒன்றுக்கும் மற்றதற்கும் தாராளமாக இடம் விட்டு, கலங்கள் தனித்தனியாக நின்றன. சாம்பல் நிறத்தில் ஒரு குடுவை. மழைக்கு முந்தைய கடலின் நிறத்தில் ஒரு கிண்ணம். ஜாஸ்பர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்து “உம்” என்றார். மனதில் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தள்ளிப் போனது.

டிங்.

எங்கோ சன்னமாக ஒரு சத்தம். கண்ணாடி டம்ளரில் நகம் பட்டது போல.

“நான் ஒண்ணையும் ஒடைக்கல்ல,” என்றார் அவசரமாக.

“தெரியும் அங்கிள்,” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், முழங்கை வரை காய்ந்த களிமண். பெயர் ரெஜிஷா. செய்கிறவள், விற்கிறவள், கூட்டுகிறவள் எல்லாம் அவளே. “நேத்துதான் சூளை தெறந்தேன். பூச்சு ஆறி விரிசல் விடுத சத்தம். ரெண்டு மூணு நாள் பேசிட்டே கெடக்கும்.”

“என்ன பேசும்?”

“எந்த எடத்துல தப்பு பண்ணினேண்ணு.”

ஜாஸ்பர் ரசித்துச் சிரித்தார். அவள் இராஜாக்கமங்கலம் துறைக்காரி என்று தெரிந்ததும் இன்னும் உற்சாகமானார். “நமக்கு நாலு கிலோமீட்டர்தான் மக்களே!”

கடைசிப் பலகையில் நீளமான தட்டு நிறைய மணல். அதில் வரிசையாக உடைந்த ஓட்டுக் குவியல்கள். வெளியே கறுப்பு, உள்ளே மாம்பழ மஞ்சள். பத்துக் குவியல். பதினோராவது இடத்தில் மணலில் விரலால் வரைந்த வட்டம் மட்டும்.

“இது என்ன, இன்ஸ்டலேஷனா?” அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

“கல்லறைத் தோட்டம் அங்கிள்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“பதினோரு சட்டி செஞ்சேன். வித்த பொறவு பில்லுப் புக்க வெச்சு வீடு வீடாட்டு போய்த் திரும்ப வாங்கி, நானே சுத்தியலால ஒடச்சேன். பத்து கிட்டிச்சு. ஒண்ணு மட்டும் யாரோ ஒருத்தரு நம்பரு குடுக்காம வாங்கிட்டுப் போயிட்டாரு. எட்டு மாசமாட்டு தேடுதேன்.”

“ஐயோ, இந்த மஞ்சளையா ஒடச்சிய?” ஜாஸ்பருக்கு நிஜமாகவே வலித்தது. உடனே நெஞ்சை நிமிர்த்தி, லாட்டரியில் தன் சீட்டு எண்ணைக் கேட்டவர் போல முகம் மலர்ந்தார். “பதினொண்ணு எனக்க கையிலல்லா இருக்கு!”

டிங்.

ரெஜிஷா அவர் கையைப் பிடித்துவிட்டாள். காய்ந்த மண் உதிர்ந்தது. “எங்க வெச்சிருக்கிய?”

“வீட்டுல. ஷோகேஸ்ல.” வாய் தானாகச் சொன்னது. நல்ல பழக்கமுள்ள வாய்.

அவள் மூச்சை விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே. அடியில ஸ்டிக்கர் இருக்குல்லா?”

“இருக்கு, இருக்கு.”

“எவ்வளவு நாள் ஒறங்கல்ல தெரியுமா நான்? அந்த மஞ்ச வேணும்ணு கொதிச்சு, யாரோ குடுத்த பழைய பொடிய வாங்கிக் கலக்கினேன். ஈயம் உண்டுண்ணு தெரியும். அதனாலதான் ஸ்டிக்கரு ஒட்டினேன். ஒட்டினா போதும்ணு நெனச்சேன். பொறவுதான் ஒரு சட்டியில ஒரு ராத்திரி வினிகர் ஊத்தி வெச்சு லேபுக்கு அனுப்பினேன். அவன் போன் பண்ணி, இது என்ன, பாட்டரிக்குள்ள உள்ளதாண்ணு கேட்டான்.”

“ஈயம் நல்லதுதான மக்களே? எங்க அம்மா பித்தளைப் பானைக்கெல்லாம் ஈயம் பூசுவாவளே.”

“அது வெள்ளீயம். இது காரீயம்.”

பலகையில் வெயில் இல்லை. காற்றும் இல்லை. ஜாஸ்பர் ஒரு குடுவையை எடுத்தார், வைத்தார். “சும்மாட்டு கேக்குதேன். எங்க பக்கத்து வீட்டுலயும் இந்த மாதிரி ஒரு கிறுக்கன் இருக்கான். ஒருவேள யாராவது இதுல கறி கிறி வெச்சா?”

“சோறு வெச்சா உடனே ஒண்ணும் தெரியாது. புளிதான் சத்துரு. ராத்திரி பூரா கெடந்தா பூச்சத் தின்னு ஈயத்த வெளிய எடுக்கும். அப்பிடி நடந்தா பாத்தாலே தெரியும். அடியில மஞ்ச மங்கிடும்.”

சட்டி பழகிட்டு.

“சாப்பிட்ட ஆளுக்கு?”

“மெதுவாட்டுதான் வரும். வயிறு முறுக்கும். ரத்தம் வத்தும். மறதி வரும். டாக்டர்மாரு கேஸ்ணு சொல்லுவாவ. ரத்தத்துல ஈயம் பாருங்கண்ணு நம்ம சொன்னாத்தான் பாப்பாவ, சொல்லலேண்ணா யாருக்கும் தோணாது. பொறவு கையி...” ரெஜிஷா தன் வலக்கையை நீட்டி மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள். “இப்பிடி.”

வெளியே ஹாரன் அடித்தது. ஒரு தரம். நீளமாக.

ரெஜிஷாவின் கை தொங்கியபடியே நின்றது. “அங்கிள். ஷோகேஸ்லதான இருக்கு?”

இந்த மாதிரி நேரத்துக்கென்று ஜாஸ்பரிடம் எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருக்கும். தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

“இல்ல மக்களே. கறிதான் வெச்சோம்.”

“எத்தன நாளு?”

“பத்து மாசத்துக்கு மேல.”

“யாரெல்லாம் சாப்பிட்டிய? நீங்களும்தான?”

“நான் ரொட்டி,” என்றார் ஜாஸ்பர்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மறுநாள் மிச்சத்தைத் தின்கிறவளுக்குத்தான் எல்லாம் போயிருக்கிறது. அவர் ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில், தோல் செருப்போடு, சரளைக் கல்லில் ஓடுவது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

காரில் ராகேல் கடைசி உருண்டையை இடக்கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். கறித் தட்டு கழுவி வைத்தது போல் மின்னியது. அவர் கதவைத் திறப்பதற்குள் உருண்டை வாய்க்குள் போய்விட்டது.

“ஹாரன் அடிச்சா வரப்படாதா? ஜெனிலா ரெண்டு தடவ கூப்பிட்டா, ஒண்ணும் கேக்கல்ல. ரேஞ்சு இல்ல.” அவர் முகத்தைப் பார்த்தாள். “என்ன, சட்டி கிட்டலியா?”

“ராகேலு. நம்ம சட்டி. வீட்டுக்குப் போனதும் அத நீ தொடப்படாது. நான் எடுத்து...”

“அது வீட்டுல எங்க இருக்கு? நேத்து கறிய சட்டியோடல்லா குடுத்து விட்டேன். நீங்க குளிக்கப் போயிருந்திய. இருந்து ஊறட்டும், பிள்ளைக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஆவும்ணு.”

ஜாஸ்பர் கையை நீட்டினார். “போனக் குடு.”

“எனக்க போன்ல ரேஞ்சு...”

“குடுட்டி!”

முப்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. அவள் போனை எடுத்தாள். விரலில் நிற்காமல் மடியில் விழுந்தது. அவர் பொறுக்கி எடுத்து, காரைச் சுற்றி, மரத்துக்கு மரம் மாறி, கையை உயரத் தூக்கி நடந்தார். ஏழாவது மரத்தடியில் ஜெனிலாவுக்கு மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் அந்தப் பழைய போனில் கேட்கும். ராகேல் பின்னாலேயே இறங்கி வந்து நின்றாள்.

“அப்பா! அம்மைக்கு டாக்டரு என்ன சொன்னாரு? எத்தன தடவ விளிக்கேன்!”

“மக்களே, சாப்பிட்டியா?”

“இந்தா, இப்பதான் சோறு போடுதேன். அந்தக் கறி...”

“கறியத் தொடாத. சட்டியோட வெளிய கொண்டு வை.”

“ஏன்? பல்லி விழுந்துட்டா? இன்னைக்குக் காலத்த தோசைக்கு ரெண்டு கரண்டி தொட்டேனே. நல்லாத்தான இருந்தது?”

ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ராகேலின் மூச்சு கேட்டது. இதற்கு மேல் சுற்றிப் போக வழியில்லை.

“அந்தச் சட்டியில வெசம் இருக்கு மக்களே. ஈயம். சாப்பாட்டுக்கு உள்ளதில்லைண்ணு அடியில எழுதி ஒட்டியிருந்தாவ. நான்தான் சொரண்டி எடுத்தேன். உங்க அம்மைக்கு உள்ள நோவு பூரா அதுதான்.”

போனில், எங்கோ தூரத்தில், ஜெனிலா லிபினைக் கூப்பிடுவது கேட்டது. பெயரை அல்ல, வெறும் “ஏங்க, ஏங்க” என்று.

“லிபினக் கூட்டிட்டு இப்பமே திருவனந்தபுரம் வா. சட்டியையும் எடு. கவர்ல கெட்டி எடு. நாங்க அங்க நிப்போம்,” என்றார் ஜாஸ்பர். லைன் அறுந்துவிட்டது. கேட்டாளா என்று தெரியவில்லை. மறுபடி அடித்தார். இம்முறை லிபின் எடுத்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.

ராகேல் மரத்தில் சாய்ந்து நின்றாள். அவள் இடக்கைப் பெருவிரல் சுட்டுவிரலோடு மெல்ல உரசிக்கொண்டிருந்தது.

“அந்தப் பசை,” என்றாள். “அடியில ஒட்டிக் கெடந்ததே. சாம்பல் போட்டுத் தேச்சேன். தேங்காய்ச் சவுரி போட்டுத் தேச்சேன். என்ன பசைண்ணு உங்ககிட்டகூட கேட்டேன்.”

“கேட்ட.”

“கம்பெனிக்காரன் பேருண்ணு சொன்னிய.”

“சொன்னேன்.”

“நேர சொல்லியிருந்தா நான் என்ன, வெளியவா எறிஞ்சிருப்பேன்? நாலு பேச்சு பேசியிருப்பேன். பொறவு ஷோகேஸ்ல எடம் ஒதுக்கி வெச்சிருப்பேனே. பைபிள் மேசையில வேணும்ணாலும் வெச்சிருப்பேனே.”

அதற்குப் பதில் சொல்ல முயன்றபோது ஜாஸ்பருக்கு வாய் கோணியது. ராகேல் அதைப் பார்த்துவிட்டு, அசையாத வலக்கையை இடக்கையால் தூக்கி, அவர் தோளில் கொண்டு வைத்தாள். “இங்க நின்னு அழாதிய. வண்டிய எடுங்க.”

ரெஜிஷா ஒரு காகித உறையோடு ஓடி வந்து, கேட்காமலே பின்சீட்டில் ஏறினாள். லேப் அறிக்கை. காய்ந்த மண் சீட்டெல்லாம் உதிர்ந்தது. “ஆன்ட்டி, கறி மிச்சம் இருந்தா ஆஸ்பத்திரியில காட்டலாம்.”

ராகேல் டிபன் தட்டைத் தூக்கிக் காட்டினாள். அதில் மூவர் முகமும் தெரிந்தது.

“மிச்சமில்ல மக்களே. வழிச்சுத் தின்னாச்சு.”

குழித்துறை சந்திப்பு வந்தது. முதல் மழைத்துளிகள் கண்ணாடியில் விழுந்தன. இடப்பக்கம் போனால் வீடு. ஜாஸ்பர் வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

“மருந்து உண்டா இதுக்கு?” என்றாள் ராகேல், முன்னால் பார்த்தபடி.

“உண்டு ஆன்ட்டி,” என்றாள் ரெஜிஷா பின்னாலிருந்து.

“எனக்குண்ணு கேக்கல்ல. அந்தப் பிள்ளைக்கு. வயித்துல கெடக்கதுக்கு.”

இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் தன் பக்கம் திரும்பியது ஜாஸ்பருக்குத் தெரிந்தது. அவரிடம்தான் கேட்டிருக்கிறாள்.

“தெரியல்ல,” என்றார். பொய் சொல்ல நன்றாகத் தெரிந்த மனிதர், அதை மட்டும் அப்படியே சொன்னார்.